வேடந்தாங்கல் அம்மா நலம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற வண்டி. 1999-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவர் மடியிலும் ஒரே மாதிரி ரெக்ஸின் பை. பையின் மேல் ‘வழக்கறிஞர்கள் கருத்தரங்கு’ என்று அச்சிட்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எல்லாத்தையும் மாத்திட்டேன்டி. பூட்டை மட்டும் மாத்தாம வுட்டுட்டேன்.”

(இந்த வாக்கியத்துக்கு மறுபடி வருவேன். இப்போதைக்கு அப்படியே நம்பி வையுங்கள்.)

வீடு மாறியவர் பேச்சு என்று முதலில் நினைத்தேன். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அது வேறு சங்கதி என்று தெரிந்தது. நான் திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டும். அதுவரை காதில் விழுந்தது முன்பாதி. பின்பாதி என் பொறுப்பு.

எதையும் எண் போட்டு எழுதுவது என் வழக்கம். மின்வாரியத்துக்கு எழுதினாலும் மைத்துனருக்கு எழுதினாலும் அப்படித்தான். கதைக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

தொடக்கங்கள்.

(அ) “ஹெலன் பேச எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல் அலை”

இதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஓய்வு விடுதியின் குளிரூட்டிய அரங்கம் அது; திரையை இழுத்து மூடியிருப்பார்கள். கருத்தரங்கை மாமல்லபுரத்தில் வைப்பதே கடலுக்காக. வைத்தபிறகு ஒருவருக்கும் கடல் தெரியாது.

(ஆ) “எதிரிடை அனுபவம் என்பது யாதெனில்”

இதையும் அடித்தேன். பிறகு யோசித்து, அடித்ததைத் திருப்பி எழுதினேன். இது இல்லாமல் கதை நகராது. ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர், சொந்தக்காரருக்குத் தெரியும்படி, ஒளிவுமறைவு இல்லாமல், விடாமல் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால், இருந்தவர் அந்த இடம் தனக்கே என்று வாதாடலாம். வக்கீல்கள் இதை எதிரிடை அனுபவம் என்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகத் தொடங்கியதும், இந்தப் பக்கத்து முள்காட்டுக்கெல்லாம் சொந்தக்காரர்களுக்கு ஞாபகம் திரும்பியது. வழக்குகள் பெருகின. கருத்தரங்கில் ஓர் அமர்வே அதற்கு ஒதுக்கியிருந்தார்கள்.

‘விடாமல்’ என்று எழுதினேனே, அதை மறக்க வேண்டாம்.

3

ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு ஹெலன் என்று பெயர் வைத்தேன். முப்பது வயது. (பேருந்தில் பார்த்தவருக்கு எத்தனையோ. எனக்குத் தெரிந்தது பின்னல் மட்டும்.) செங்கல்பட்டு முன்சீப் கோர்ட்டில் சின்னராசு என்பவருக்காக ஆஜராகிறார். சின்னராசுவின் அப்பா அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. சின்னராசு திருப்போரூர்ப் பக்கம் கேட்பாரற்றுக் கிடந்த ஓர் இடத்தில் குடிசை போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது மனை போட்டு விற்கிற ஒருவர், பழைய சொந்தக்காரரிடமிருந்து அந்த நிலத்தை வாங்கி, குடிசையைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்.

அந்தப் பதினைந்து வருஷத்தின் நடுவே, ஒரு வருஷத்துக்கு மேல் சின்னராசு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மனைவியும் கூடப் போனாள். குடிசை காலி. இது ஹெலனுக்குத் தெரியும், எதிர்த்தரப்புக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த ‘விடாமல்’ போய்விடலாம். கூடவே வீடும்.

போகும்போது சின்னராசு பூட்டிவிட்டுப் போனார். பின்பக்கத்து ஓலைத்தட்டியை முந்தின மழை கொண்டுபோயிருந்தது. அதைக் கட்டவில்லை. முன்கதவுக்கு மட்டும் பூட்டு. அந்தச் சமயத்தில் நிலத்தைப் பார்க்க வந்த யாரோ பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்தார்கள். பின்னால் திறந்து கிடக்கிற குடிசை, முன்னால் பூட்டு. அந்தப் போட்டோவை எதிர்த்தரப்பே கோர்ட்டில் ஆவணமாகப் போட்டிருக்கிறது, இது மனிதர் வாழ்கிற வீடில்லை, வெறும் கொட்டகை என்று காட்டுவதற்காக. எடுத்த தேதி அதில் இல்லை. படத்தில் பூட்டு இருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் பெயர் உலகநாதன். அறுபதைத் தாண்டியவர். கோர்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தூங்குகிறார் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. கேட்கிறார் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு.

4

மதியச் சாப்பாட்டில் பிரியாணியும் இருந்தது, தயிர்சாதமும் இருந்தது. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். ஹெலனுக்குக் கொடுத்தது அதற்கு அடுத்த அமர்வு. அமர்வுத் தலைவர் உலகநாதன். ஹெலன் எழுந்தபோதே அவர் கண் மூடியிருந்தது.

சின்னராசுவின் சங்கதியை ஹெலன் ஏன் அங்கே எடுத்தார் என்று எனக்கும் கேள்வி இருந்தது. பேருந்தில் அவரே தோழியிடம் சொன்னார்: நூறு வக்கீல் உட்கார்ந்திருக்கிற இடம், பூட்டிவிட்டுப் போன காலமும் கணக்கில் சேருமா என்று கேட்டால், தனக்குக் கிடைக்காத ஒரு தீர்ப்பு யாராவது ஒருவர் கையில் இருக்காதா என்று. கட்சிக்காரரின் நல்லதுக்குத்தான்.*

அதனால் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டு போனார். சின்னராசு ஓர் இட்லிக்கடை அம்மா ஆனார், கணவர் இல்லாதவர். திருப்போரூர், வேடந்தாங்கல் ஏரிக்கரை ஆயிற்று. பெங்களூர் வேலை, மகள் பிரசவம் ஆயிற்று. தாளில் கடைசி வரி: “கடைக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார்.”

அந்த வரிக்கு வரும்போது ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். முதல் வரிசையில் ஒருவர் வாய் திறந்திருந்தது. இன்னொருவர் மடியிலிருந்து ரெக்ஸின் பை சரிந்துகொண்டிருந்தது. கயிறு இவர்களை எழுப்பாது. தாளை விட்டுவிட்டுப் பேசினார்.

“பின்னாடி தட்டியே இல்லைங்க. முன்னாடி கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க.”

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. பையை எடுத்து மடியில் வைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “பூட்டு இருந்தா, அங்க ஆள் இருக்குன்னுதான் அர்த்தம்” என்றார்.

“யோவ், பூட்டு இருந்தா ஆள் இல்லன்னுதான்யா அர்த்தம்.”

இன்னும் நாலு பேர் கை தூக்கினார்கள். அதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டது. தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. உலகநாதன் கண்ணைத் திறந்து, “நன்றி, அடுத்தவர்” என்றார். சிரிப்பு நடந்தபோது அவர் கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? ஹெலன் பார்க்கவில்லை. கைதட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லலாகாது. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னால் அது வெளியே சொன்னதாகுமா? கதை எழுதுகிறவர்களையும் இதைக் கேட்கலாம். எட்டாம் எண்ணில் கேட்கப்படுகிறது.

5

டீ நேரம். உலகநாதன் கையில் தட்டு, தட்டில் பஜ்ஜி.

“நல்லா பேசுனம்மா.”

“தேங்க்ஸ் சார்.”

“அந்த வேடந்தாங்கல் அம்மா இப்ப எப்டி இருக்காங்க?”

எந்த அம்மா என்று ஹெலனுக்கு ஒரு கணம் புரியவில்லை.

“நல்லா இருக்காங்க சார்.”

“கடை ஓடுதா?”

“ஓடுது சார். சீசன்ல பறவை பாக்க வர்றவங்க கூட்டம்.”

“பசங்க?”

“ரெண்டு பேரு. பெரியவ பத்தாவது.”

உலகநாதன் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார். “பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தாங்கன்னு சொன்ன. பத்தாவது படிக்கிற பொண்ணுக்கா?”

“அது… மூத்த தாரத்துப் பொண்ணு சார்.”

“ஓஹோ” என்றார். பஜ்ஜியைக் கடித்தார். காரம் என்றார். போய்விட்டார்.

பேருந்தில் தோழி (ஜெசிந்தா என்று வைத்துக்கொள்வோம், அவரும் வக்கீல்) ஹெலனைப் பிடித்து உலுக்காத குறை.

“அந்தாளுக்குத் தெரிஞ்சிபோச்சுடி.”

“தெரிஞ்சா அப்டி கேப்பாரா?”

“தெரியலன்னா எதுக்குடி கேக்கணும்? இட்லிக்கடை வெக்கப் போறாரா?”

“மனுஷன் சும்மா கேட்டிருப்பாரு.”

“அப்ப நீ ஏன் மூத்த தாரம் வரைக்கும் போன?”

நடத்துநர் திருக்கழுக்குன்றம் என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு என் மைத்துனர் வீட்டில் காத்திருக்காவிட்டால் செங்கல்பட்டு வரைக்கும் டிக்கெட்டை நீட்டியிருப்பேன். இறங்கினேன். இனி வருவதெல்லாம் நானாக எழுதுவது.

6

சின்னராசுவை நான் பார்த்ததில்லை. பேருந்தில் விழுந்ததெல்லாம் அவர் வழக்கு; அவர் எப்படிப்பட்டவர் என்று பத்து வார்த்தை இருக்காது. அவரை அந்த அரங்கத்துக்கே கொண்டுவந்து, நாற்காலி போடுகிற ஆளாகக் கடைசியில் நிறுத்தி, தன் கதையைத் தானே கேட்கவைக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அப்படியெல்லாம் எந்த மனிதருக்கும் வாய்ப்பதில்லை.

கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்தேன். ஹெலன் சொல்லிவிட முடிவு செய்து வந்திருக்கிறார்.

“சின்னராசு அண்ணே, அந்தப் பூட்டு விஷயத்தை ஒரு மீட்டிங்ல பேசிட்டேன். உங்க பேரு சொல்லல. ஆனா உலகநாதன் சார் அங்க இருந்தாரு.”

“எம்மாம் பேரு இருந்தாங்க?”

“நூறு பேரு இருக்கும்.”

“நூறு வக்கீலா? ஏசி ரூம்லயா?” சின்னராசுவுக்கு முகம் மலர்ந்தது. “நம்ம வூட்டு மேட்டரு?”

“ஆமா.”

“சிரிச்சாங்களா?”

ஹெலன் டீயைக் கீழே வைத்தார். “சிரிச்சாங்க.”

“சிரிப்பாங்க. எம்பொண்டாட்டியே சிரிச்சா. பின்னால தட்டி இல்லாத வூட்டுக்கு இன்னாத்துக்கு பூட்டுன்னு யாருனா கேட்டாங்களா?”

“கேக்கல.”

“நீங்களுந்தான் கேக்கல வக்கீலம்மா.”

“சரி. எதுக்குப் பூட்டுனீங்க?”

இதற்கு நாலு பதில் எழுதிப் பார்த்தேன். மூன்று, அவர் வக்கீலுக்குப் படித்தவர்போல இருந்தன. மிச்சம் இது:

“வெளிய போறவன் பூட்டிகினுதான போவான்.”

 டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, “வூடு போய்டுமா?” என்று மட்டும் கேட்டார். ஹெலன் சொன்ன பதிலை நான் எழுதவில்லை. ஏழாம் எண்ணைப் பொறுத்தது அது.

7

முடிவு ஒன்று. குறுக்கு விசாரணை. உலகநாதன் போட்டோவைக் கையில் எடுத்துச் சாட்சிக் கூண்டருகே வருகிறார். “இந்தப் பூட்டு யாருது?” ஹெலன் ஆட்சேபிக்க எழுகிறார். கேள்வியில் ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை, உட்கார்கிறார். சின்னராசு சத்தியம் செய்திருக்கிறவர். வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியை எடுத்துக் காட்டுகிறார். “என்னுதுதாங்கய்யா. சாவி இங்க கீது.” முன்சீப் சாவியைப் பார்க்கிறார். ஆள் போயிருந்தார் என்பதற்கும் அதுதான் சாட்சி, திரும்பி வருவதாகவே போனார் என்பதற்கும் அதுதான் சாட்சி. தீர்ப்பு

(தீர்ப்பை எழுத என்னால் முடியவில்லை. வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

முடிவு இரண்டு. உலகநாதன் போட்டோவைப் புரட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். “வேற கேள்வி இல்லை.” கருத்தரங்கில் அவர் தூங்கினாரா, அல்லது கேட்டும் கேட்காதவராக இருந்துவிட்டாரா என்பது ஹெலனுக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் அதில் ஓர் இடறல். உலகநாதனுக்கும் ஒரு கட்சிக்காரர் இருக்கிறார், அவரும் நம்பிக்கைவைத்து வந்தவர். ஹெலனுக்காகவோ சின்னராசுவுக்காகவோ வாயை மூடிக்கொண்டால், தன் ஆளுக்கு உலகநாதன் செய்தது என்ன? நல்லவராக்கப் போய் அவரை மோசமான வக்கீலாக்கிவிட்டேன்.

8

கதையைத் திருத்தமாகப் படியெடுத்து, உறையில் போட்டு, பத்திரிகை முகவரியும் எழுதிவிட்டேன். இப்போது 2004. தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்து நில வழக்குகளுக்கு ஆயுள் கெட்டி. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கு அந்தப் பெரியவர் நிஜமாகவே தூங்கியிருக்கலாம். ஐந்து வருஷம் கழித்து, கோர்ட் வராந்தாவில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில், விழித்துக்கொண்டு இதைப் படிக்கலாம். ஹெலன் நூறு பேர்முன் செய்ததை நான் சில ஆயிரம் பேர்முன் செய்தவனாவேன். நான் பார்த்தே இராத ஒருவருடைய வீடு போகும்.

ஆகவே உறையைப் பிரித்து, முதல் எண்ணிலிருந்து மறுபடி எழுதினேன். நீங்கள் படித்தது அந்தப் படி. பேருந்தில் அந்தப் பெண் சொன்ன சொல் பூட்டு இல்லை. என்ன என்று சொல்லமாட்டேன். நிலம் திருப்போரூர்ப் பக்கம் இல்லை. அவர் பெங்களூருக்குப் போகவில்லை. எங்கேயுமே போகாமலும் இருந்திருக்கலாம்; வழக்கின் ஓட்டை வேறெங்காவது இருக்கலாம். போட்டோ, சாவி, வருஷம் எல்லாம் மாறின. எந்தக் கோப்பைப் புரட்டினாலும் இந்தப் பூட்டு அகப்படாது.

ஒன்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. டீ நேரத்தில், தட்டும் கையுமாக, அந்தப் பெரியவர் கேட்டது. அதை எடுத்துவிட்டால் கதையில் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. ஹெலனுக்கும் அரங்கத்தில் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆகையால் மீதியை உங்களிடம் விடுகிறேன். வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நீங்கள் விரும்பியபடி தீர்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஓர் உதவி. எங்காவது ஒரு கல்யாணப் பந்தியிலோ ரயிலிலோ, வயதான ஒருவர், வக்கீல் மாதிரி இருப்பார், பேச்சோடு பேச்சாக அந்த வேடந்தாங்கல் அம்மா எப்படி இருக்கிறார் என்று உங்களைக் கேட்டால், நலம் என்று சொல்லுங்கள். கடை ஓடுகிறது. பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவள் பத்தாவது முடித்துவிட்டாள். அவர் பிரசவத்தைப் பற்றி ஆரம்பித்தால் தடுமாற வேண்டாம். அது மூத்த தாரத்துப் பெண்ணுக்கு.