கூழுக்கு எடுத்த தண்ணீர்

எங்கள் ஊரில் வாந்திபேதி ஆரம்பித்த மூன்றாம் நாள், அதற்குக் காரணம் தமிழரசிதான் என்று ஆண்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் ஏழு நாள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் இரண்டாம் நாளே தாண்டிப் போய், ஜமுனாமரத்தூரில் பஸ் பிடித்து, காலேஜ் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். நமக்காகப் பரீட்சையை யார் தள்ளிவைப்பார்கள்? அதையெல்லாம் கேட்க ஆளில்லை. பத்தொன்பது பேர் சுருண்டு கிடக்கும்போது பழி போட ஒருத்தி வேண்டியிருந்தது, வாகாக அவள் கிடைத்தாள்.

உண்மையில் காரணம் நான். அது எனக்கே அன்று காலையில்தான் உறைத்தது.

நான் ரேணுகாதேவி, இந்த ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தேதி சொல்வது, இவற்றோடு குடிதண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதும் என் தலையில்தான். காப்பு கட்டிய அன்று ஊர்க்கவுண்டர் சின்னதம்பியின் மனைவி மங்கம்மாள் என்னைத் தேடி வந்தாள்.

"ரேணுகா, அம்மனுக்குக் கூழு காச்சற தண்ணி. மருந்து வாடை அடிச்சா நல்லாவா இருக்கும்? ஏழு நாளைக்கு உட்ருமா."

"சரிங்க அண்ணி" என்றேன். பயந்து சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டிரெயினிங்கில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனதோ! அதற்கு முந்தைய வாரம்தான் பெருமழை பெய்து, சரிவில் கிடந்த கழிவெல்லாம் கிணற்றில் இறங்கியிருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் தொட்டிக்கு ஏறுகிறது.

அதைவிடக் கொடுமை, உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து அதே தண்ணீரில் கலக்கி வீடுவீடாக ஊட்டிக்கொண்டிருந்தேன். மங்கம்மாளின் நாலு வயது மகன் அருளுக்கு என் கையாலேயே ஊட்டினேன்.

அந்த மூன்றாம் நாள் காலை அவன் கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அழுதான், கண்ணீர் வரவில்லை. சீக்கிரம் குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் பிள்ளை தங்காது. ஆஸ்பத்திரியோ எல்லைக்கு அந்தப் பக்கம்.

கோயிலுக்கு ஓடினேன். தமிழரசியை நடுவில் நிற்கவைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, அருளை இப்பவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போவணும்" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாளு. அம்மா பாத்துக்குவா" என்றார் சின்னதம்பி. "ஒருத்தி தாண்டினதுக்கே ஊரு இந்தக் கதியில இருக்குது."

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தாண்டினால்தான் மகன் செத்துவிடுவான் என்று உண்மையாகவே நம்பினார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சொன்னால் வேலை போகும். அது போகட்டும், இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவு இனி எனக்குத் திறக்கும்? ஆனாலும் சொன்னேன்.

"தமிழரசி இல்லிங்க, நான்தான். தொட்டிக்கு அஞ்சு நாளா பவுடர் போடல. அந்தத் தண்ணியாலதான் எல்லாரும் படுத்துனு கெடக்குறாங்க. இனிமே ஒருத்தரும் ஒரு வாய் குடிக்காதீங்க."

குப்பன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். அவன் வீட்டில் மூன்று பேர் படுக்கை. சின்னதம்பி அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் போடல?"

"மறந்துட்டேங்க."

"அவ மறக்கல." பின்னால் மங்கம்மாள் நின்றிருந்தாள், தோளில் அருள் துவண்டு கிடந்தான். "கூழுக்கு வாடை வரும்னு நான்தான் வேணாம்னேன். பிரகாஷு, ஜீப்ப எடு." ஊரில் ஜீப் ஓட்டும் பிரகாஷ் கூட்டத்திலிருந்து நகர்ந்தான்.

"மங்கா, காப்பு கட்டினு..." என்று சின்னதம்பி எழுந்தார்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வழி உடு."

அவர் விலகவில்லை. அவள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது. கூழ் அண்டாக்களைக் கழுவி, வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொதிக்கவைக்கச் சொன்னேன். தொட்டியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு முத்தம்மாளிடம் கொடுத்தேன். மிச்சப் பொட்டலங்களைத் தமிழரசி கையில் திணித்தேன்.

"உங்கையால வாங்கிக் குடிப்பாங்களாடி?"

"குடிக்கலன்னா மூக்கப் புடிச்சி ஊத்தறேன், போய்ட்டு வாக்கா" என்றாள்.

ஜீப்பில் அருள் என் மடியில் கிடந்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. மறுபடி வைத்தேன். மங்கம்மாள் முந்தானையால் அவன் முகத்துக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினாள், அவன் கத்தக்கூட இல்லை. நாலாவதில் இறங்கியது. பிரகாஷ் அடுத்த நடையில் ஆறு பேரைக் கொண்டுவந்தான், அவர்களுக்கும் பாட்டில் மாட்டினார்கள். ஊரில் தமிழரசி இன்னும் வீடுவீடாக நடப்பதாகச் சொன்னான்.

சாயங்காலம் என் புடவை திடீரென்று சூடாக நனைந்தது. அருள் ஒன்றுக்குப் போயிருந்தான். உடம்பில் நீர் ஏறிவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். நர்ஸ் தலையசைத்துச் சிரித்தாள்.

மங்கம்மாள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தாள்.

"வர்ற வருசமும் காப்பு கட்டுவாங்க, ரேணுகா. அதுக்குள்ள இதெல்லாம் மறந்துபூடும். நானே வந்து பவுடர் வேணாம்னு கேப்பேன். என் பேச்சக் கேக்காத."

"சரிங்க அண்ணி" என்றேன்.

"அன்னிக்கும் இதே மாரிதான் சரின்ன" என்றாள்.