குடைக்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போன வருடம்

வேவுத்துறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த, எந்நேரமும் கையில் குடையோடு இருந்ததால் அப்பெயர் பெற்ற குடைக்காரர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கண்ணுக்குத் தெரியாமல் போனார். அன்று லேசான வெயில். பேருந்து வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதம். ஒரு பெரியவர் வந்து நேராக அவர் மடியிலேயே உட்கார்ந்து, "பெஞ்சு இன்னைக்கு மெத்துனு இருக்கே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். குடைக்காரருக்கு முதலில் சந்தோஷம்தான். துறைக் கையேட்டின் முதல் விதியே, பார்ப்பவர் பார்க்கப்படக் கூடாது என்பது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர் அவர். விதியைக் கொஞ்சம் கூடுதலாகக் கடைப்பிடித்துவிட்டார், அவ்வளவே. பெரியவரின் பேருந்து வரும்வரை அவர் அசையாமல் இருந்தார்.

நான்கு வருடமாக அவர் கவனித்து வந்தது எதிர்ப்பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடையை. அதை நடத்திய ஐம்பது வயது அம்மாளைத் தெருவே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஊர்க்கோடி ஆலை வந்த பிறகு குழாய்த் தண்ணீர் செங்கல் நிறத்தில் வர, இதைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று அக்கா மனு எழுதினார். நகலெடுத்தார், கையெழுத்து வாங்கினார், அனுப்பினார். பதில் வராததால் மறுபடி அனுப்பினார். ஆட்சியில் இருந்தது பழைய வழிக் கட்சி. தாத்தா காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்பதே அதன் மொத்தக் கொள்கை. தாத்தா காலத்தில் ஆலையே இல்லையே என்று யாராவது கேட்டால், தாத்தாவை அவமதித்ததாக வழக்குப் பாயும். ஆகவே தண்ணீர் கெட்டிருக்க வழியில்லை, கெட்டது என்று சொல்கிறவர்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்து, எதிரே குடைக்காரரை உட்கார வைத்தது.

அவருடைய முதல் அறிக்கை நேர்மையானது. "ஒன்பது பத்துக்குக் கடை திறந்தார். இயந்திரத்தில் தாள் சிக்கியது. திட்டினார். எடுத்தார்." காரம் போதாது என்று குறிப்பெழுதி மேலதிகாரி திருப்பி அனுப்பினார். குடைக்காரர் யோசித்து, "யாரைத் திட்டினார் என்பது தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்தார். பொய் இல்லை, ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அன்று மாலை, மேசைதட்டி என்று ஊர் அழைக்கிற தொலைக்காட்சிக்காரர் எட்டு பேரை எட்டுக் கட்டங்களில் அடைத்து, அக்கா திட்டியது தலைவரையா, தலைவரின் தாத்தாவையா என்று ஒரு மணி நேரம் கத்தவிட்டார். அடுத்த மாதம், பிள்ளைகளின் சான்றிதழை நகலெடுக்க வரிசையில் நின்ற ஏழு அம்மாக்களை, "அடையாளம் தெரியாத ஏழு பேர்" என்று குடைக்காரர் எழுதினார். அவர்களில் நாலு பேரின் வீடு எது என்றுகூட அவருக்குத் தெரியும். மேசைதட்டியிடம் போய்ச் சேர்வதற்குள் ஏழு பதினேழாகி, கடல் தாண்டி வந்தவர்களாகவும் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவருடைய எழுத்தும் மறைந்துபோனது. தினமும் இரண்டு பக்கம் எழுதி அலுவலகப் பெட்டியில் போட்டார். போய்ச் சேர்ந்தது வெள்ளைத்தாள். அலுவலகத்தில் யாரும் திடுக்கிடவில்லை. மூன்று முத்திரை குத்தி, இதுவரை வந்தவற்றிலேயே மிகத் தெளிவான அறிக்கை என்று பாராட்டுக் கடிதமும் அனுப்பினார்கள். அந்த வெள்ளைத்தாள்களை ஆதாரமாக வைத்து மேசைதட்டி நான்கு நாள் விவாதம் நடத்தினார். ஐந்தாம் நாள் கடையை மூடி முத்திரை வைப்பதற்கான விசாரணைக்குத் தேதி குறிக்கப்பட்டது.

வீட்டில்தான் கஷ்டம். புள்ளிவிவரத் துறையில் வேலை என்று மனைவியிடம் சொல்லித்தான் அவர் கல்யாணமே செய்திருந்தார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து "நான் இங்கேதாம்மா இருக்கேன்" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. கடிதம் எழுதி வைத்தார். மனைவி அதை வெள்ளைத்தாள் என்று நினைத்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டார். பானையில் சோறு குறைவதைப் பார்த்து எலிப்பொறி வாங்கி வைத்தார். அதில் குடைக்காரரின் விரல் இரண்டு முறை மாட்டியது. புள்ளிவிவரத் துறைக்குப் போய் விசாரித்தபோது, அப்படி ஒருவர் எங்கள் கணக்கிலேயே இல்லை என்றார்கள். அன்று மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். குடைக்காரரும் எதிரே உட்கார்ந்து அழுதார். பத்தொன்பது வருடம் ஊரெல்லாம் பார்த்த மனிதருக்கு, ஒரே ஒரு ஆள் தன்னை ஒரு தரம் பார்த்தால் போதும் என்று இருந்தது.

பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஜெராக்ஸ் அக்காவுக்கு அவரை முதல் நாளிலிருந்தே தெரியும். மடியில் கனமில்லாததால் வழியில் பயமுமில்லை. வெயில் ஏறினால், "சார், உள்ள வந்து உட்கார்ந்து வேவு பாருங்களேன், ஃபேன் இருக்கு" என்று கூப்பிடுவார். இதை மட்டும் குடைக்காரர் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. செவ்வாய்க்குப் பிறகும் அக்கா அவரை எப்போதும்போல் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

தெரிய வந்தது, குடைக்காரரின் மனைவி கணவரின் படத்தோடு 'காணவில்லை' என்று எழுதிய தாளை நகலெடுக்க அதே கடைக்கு வந்த அன்று. அக்கா படத்தைப் பார்த்தார். அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் கைகூப்பி நின்றவரையும் பார்த்தார்.

"இவரா? உங்க பின்னாடிதானே நிக்கிறாரு."

மனைவி திரும்பிப் பார்த்தார். நாற்காலி, நாட்காட்டி, தாள் கட்டு. "வயித்தெரிச்சல்ல வந்திருக்கேன். விளையாடாதீங்க."

"எனக்கு எதுக்கும்மா விளையாட்டு? நாலு வருஷமா எதிர்ல உட்கார்ந்து என்னைத்தான் வேவு பார்க்கிறாரு. நல்ல மனுஷன், தும்மக்கூட மாட்டாரு."

"என் வீட்டுக்காரர் புள்ளிவிவரத் துறை" என்று சொல்லி, எடுத்த நூறு நகலையும் அள்ளிக்கொண்டு மனைவி விறுவிறுவென்று போய்விட்டார். குடைக்காரர் போகவில்லை. நின்ற இடத்திலேயே அந்த ஏழு பேர் விஷயத்தை அக்காவிடம் சொன்னார். அது தொலைக்காட்சிக்காரர்களின் கைவேலை என்றே அக்கா அதுவரை நம்பியிருந்தார். கேட்டுவிட்டு இயந்திரத்தை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார். "ஏன் சார்?" என்றார்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. அரசுத் தரப்பின் ஒரே சாட்சி குடைக்காரர். அவரைக் காணோம் என்று ஒப்புக்கொண்டால் வெள்ளைத்தாளின் கதையும் வெளியே வந்துவிடும். அதனால் துறை வக்கீல் காலி நாற்காலியைக் காட்டி, "சாட்சி வந்திருக்கிறார், ஐயா" என்றார். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அக்கா எழுந்தார்.

"நாற்காலியில இல்லைங்க. ஜன்னல் பக்கம் நிக்கிறாரு. பேசறாரு, சொல்லட்டுமா?"

சொல்லக் கூடாது என்றார் வக்கீல். உங்கள் சாட்சி பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று அதிகாரி கேட்டார். வக்கீல் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அக்கா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே போனார்: திட்டு வாங்கியது இயந்திரம், ஏழு பேரும் இதே தெருவின் அம்மாக்கள், தெரிந்தே மாற்றி எழுதினேன். எதிராளிக்காகச் சாட்சியே பேசுவதாவது, இது ஜோடிப்பு என்று வக்கீல் மேசையில் குத்தினார். பேனாவை மூடி வைத்த அதிகாரியின் முகத்திலும் நம்பிக்கை இல்லை. கடை போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கா உட்காரவில்லை. கூட்டத்தில் கொடுக்கலாம் என்று 'காணவில்லை' தாள் கட்டோடு வந்து கடைசி வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். "அம்மா, இது உங்களுக்காம். புள்ளிவிவரம் சுத்தப் பொய்யாம். கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருக்கணுமாம். சொன்னா போயிடுவீங்களோன்னு பயமாம். பொறியில மாட்டினது எலி இல்லை, அவராம்."

மனைவி எழுந்தார். தாள் கட்டு கீழே விழுந்து சிதறியது. புள்ளிவிவரத் துறைக்காரரைத் தேடிய வரைக்கும் அவர் கண்ணில் படாதவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"ஏங்க, வெட்கமா இல்லை? நல்ல பொம்பளைய நாலு வருஷம் இந்தப் பாடு படுத்தியிருக்கீங்க. எங்க அப்பாகிட்ட என்னனு சொல்லிப் பொண்ணு கேட்டீங்க? தலையைக் குனியாதீங்க, என்னைப் பாருங்க!"

திட்டு பத்து நிமிடம் நீண்டது. பாதியில்தான் அதிகாரி கவனித்தார்: அந்த அம்மாள் திட்டுவது அக்காவையோ நாற்காலியையோ பார்த்து அல்ல, நேராக ஜன்னலைப் பார்த்து, அங்கே யாரோ இடம் மாறி நிற்பதுபோல அவருடைய கண்ணும் மெல்ல நகர்ந்தது. முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் அதிகாரி. காலி இடத்தை இப்படித் திட்ட எந்த மனைவியாலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். பேனாவைத் திறந்து, "சாட்சியை மனைவி அடையாளம் காட்டினார். வாக்குமூலம் ஏற்கப்பட்டது. கடைக்கு முத்திரை தேவையில்லை" என்று எழுதினார்.

அன்று மாலை மேசைதட்டி, மனைவிமாருக்கு இவ்வளவு கண்பார்வை நாட்டுக்கு நல்லதா என்று விவாதம் வைத்தார். ரகசியத்தை வெளியிட்டதற்காகத் துறை குடைக்காரர் மேல் வழக்குப் போடப் பார்த்தது. சம்மனை யார் கையில் கொடுப்பது என்று தெரியாததால் அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. அக்கா அடுத்த மனுவை நகலெடுக்கப் போய்விட்டார். தண்ணீர் இன்னும் செங்கல் நிறம்தான்.

கூடத்து வாசலில் மனைவி நின்று, மேலும் கீழுமாகப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றார். பிறகு பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு வீட்டை நோக்கி நடந்தார். எதிரே வந்தவர்கள் அந்த இடத்தில் மோதாமல் ஒதுங்கிப் போனார்கள்.