பதினாலாம் நம்பர் அறையின் நகல்

அங்கம்மாள் மறுகல்யாணம் செய்துகொண்டாள் என்று அங்கம்மாளுக்கே தபால் வந்தது. மாப்பிள்ளை யார் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, மிதுன மாசத்து மழை பிடித்திருந்த நேரம். மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நாளெல்லாம் புடைத்துவிட்டு, மூக்கிலும் முடியிலும் தூசியோடு வந்தவள் கையில் அந்தக் கடுதாசி கிடைத்தது. மலையாளத்தில் இருந்தது. அவளுக்கோ தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கொழுந்தன் செல்லதுரைதான் படித்துச் சொன்னான். செத்துப்போன புருஷன் பிச்சையின் தம்பி அவன். இடக்கொச்சியில் பெண்டாட்டி வீட்டில் இருப்பவன், வாரம் ஒரு தடவை மதினியைப் பார்க்க வருவான். வந்தால் சாயா குடிக்காமல் போகமாட்டான்.

"இது மூட்டை தூக்குற சுமட்டுக்காரன் பொண்டாட்டிங்கிற முறையில உங்களுக்குக் குடுத்த ரூமு, மதினி. விதவையா இருக்கிறவரைக்கும்தான் பாத்தியதை. நீங்க மறுபடியும் கட்டிக்கிட்டதா ரிக்கார்டுல இருக்காம். ஆறு மாசத்துல காலி பண்ணணுமாம்."

"எவன்டா சொன்னது?"

"அதெல்லாம் போடல. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. பொட்டியில ஏறிருச்சுன்னா ஆண்டவனே வந்தாலும் இறக்க முடியாது, மதினி. மனசைத் தேத்திக்கிடுங்க." சொல்லும்போது அவன் கண்கூடக் கலங்கியிருந்தது.

பிச்சை துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து செத்துப் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் சுமட்டுக்காரர் லைனில் பதினாலாம் நம்பர் அறையில் அங்கம்மாள் தனியாகத்தான் இருந்தாள். வாசலில் ஒரு ஆம்பிளைச் செருப்பு கிடந்ததை எவனாவது பார்த்திருப்பானா? அவளை எத்தனை பேர் சாடைமாடையாகக் கேட்டான்கள், எத்தனை பேரை விளக்குமாற்றால் விரட்டினாள் என்பது லைனுக்கே தெரியும். அப்படிப்பட்டவளைப் பற்றி ஒரு வாரத்துக்குள் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆலப்புழையிலிருந்து வருகிற லாரி டிரைவராம். வாரத்தில் இரண்டு நாள் தங்குகிறானாம். அங்கம்மாள் குடத்தை வைத்தால் பக்கத்தில் நிற்கிறவள் தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். அறை போகிறதே என்ற பயத்தைவிட அந்தக் குடம் நகர்ந்த சத்தம்தான் அவளை அறுத்தது. எழுதினவன் யார் என்று தெரியாமல் நான் சாகப்போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வீட்டு ஒதுக்கீட்டு ஆபீசுக்குப் போனாள். அங்கே அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கென்று தனி அறை, அதற்கு மட்டும் ஏசி. மனுஷர்கள் வேர்த்து வழிந்துகொண்டு வெளியே நிற்க, அந்தப் பெட்டி மட்டும் குளுகுளு என்று உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வேறு. அதற்குக் காவல் ராமபத்ரன் என்ற குமாஸ்தா.

"எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு, எவன் சொல்லி எழுதினதுன்னு காட்டுங்க சாரே."

"இது கம்ப்யூட்டரிலாணு அம்மா. காட்டான் பற்றில்ல, முடியாது. ஃபைலாணெங்கில் நகல் தராம். கம்ப்யூட்டருக்கு நகல் இல்ல, சட்டம் இல்ல. போயி வா."

"நோட்டுல எழுதினா பாக்கலாம், பொட்டிக்குள்ள எழுதினா பாக்கக் கூடாதா? என்னைப் பத்தி எழுதினது எனக்கு மறைவா?"

ராமபத்ரன் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கம்மாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, எழுதினவன் இவன்தான் என்று. இல்லாவிட்டால் ஏன் மறைக்கிறான்? ரேஷன் கார்டு விஷயமாக இரண்டு வருஷத்துக்கு முன் அவனை எல்லார் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்திருந்தாள். அந்தக் காந்தலில் செய்திருக்கிறான் பாவி. அவன் வீட்டில் அடுப்பெரியாமல் போக என்று வாசலிலேயே நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

ஆபீசுக்கு வெளியே கறுப்புக் குடைக்குக் கீழே மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர் கல்யாணராமன். பாலக்காட்டுக்காரர், மூன்று பாஷையும் எழுதுவார். தூற்றின மண் அவர் மேஜையிலும் கொஞ்சம் விழுந்திருந்தது.

"மண்ணை வாரினா குமாஸ்தாவுக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டயோ," என்றார் தட்டிவிட்டபடி. "அவனுக்குப் பயம் ஒரே ஒரு சாதனத்தைத்தான். ரிஜிஸ்டர். நகல் மனுன்னு ஒண்ணு உண்டு. நான் எழுதித் தரேன், ஸ்டாம்பு ஒட்டிக் கொடு. வாங்கினா நம்பர் போட்டே தீரணும். நம்பர் போட்டா, கொடுத்தேன், இல்லாட்டா இன்ன காரணத்தால கொடுக்கலைன்னு எழுத்துல பதில் சொல்லணும். பதில் வரலையா, அடுத்த வாரம் இன்னொண்ணு கொடு. ரசீது வாங்காம மட்டும் நகரப்படாது, ஆக்கும்."

"எத்தனை குடுக்கணும் சாமி?"

"அவன் தூக்கம் போற வரைக்கும்."

அங்கம்மாளுக்கு அந்த யோசனை நெஞ்சுக்குள் ஜில்லென்று இறங்கியது. அன்றைக்கு ஆரம்பித்தாள். திங்கட்கிழமை தவறாமல் கிட்டங்கியில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். மனுவை நீட்டுவாள். ராமபத்ரன் முதல் மூன்று தடவை சிரித்தான். ஏழாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டான். பத்தாவது தடவை ஒளிந்துகொண்டான், அவள் அறைக்கு வெளியே கிடந்த அவன் செருப்பின் மேல் கால் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றாள். காரணம் எழுத அவனால் முடியவில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதைக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கொடுக்கலாம் என்றும் இல்லை. அதனால் மனுக்கள் நம்பர் நம்பராக ரிஜிஸ்டரில் ஏறிக்கொண்டே போயின.

செல்லதுரை சில திங்கட்கிழமைகளில் துணைக்கு வருவான். "விடுங்க மதினி, நமக்கு எதுக்கு வம்பு. இடக்கொச்சிக்கு வந்துருங்க, ஒரு மூலையில கிடந்துக்கிடலாம்," என்பான். அவள் சாயா போடுகிற நேரம் பார்த்து அறையின் கூரை ஓடுகளை எண்ணுவதும் சுவரைத் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். ஒழுகல் எங்கே என்று பார்க்கிறான், எவ்வளவு பாசம் என்று அவள் நினைத்தாள். அட, அந்த நினைப்பில் இடி விழ!

துலாமழை தொடங்கின வாரம் வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெரிய ஆபீசர் நகல் மனு ரிஜிஸ்டரைத்தான் முதலில் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் அங்கம்மாள், அங்கம்மாள், அங்கம்மாள். பத்தொன்பது. எதற்கு நேரும் முடிவு இல்லை. அவர் போட்ட சத்தம் குடைக்குக் கீழே இருந்த கல்யாணராமனுக்குக் கேட்டதாம். "காகிதத்தில் இருந்தால் கொடுப்பாய், மெஷினில் இருந்தால் கொடுக்கமாட்டாயா? இரண்டும் சர்க்கார் ரிக்கார்டு அல்லவா? இன்றைக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடு!" என்று மலையாளத்தில் கத்தினாராம்.

இங்கேதான் ராமபத்ரன் ஒரு காரியம் செய்தான். பழைய நாளில் நகல் என்றால் ஃபைலின் வலப்பக்கத்து உத்தரவை மட்டும் கையால் எழுதித் தருவார்கள். யார் புகார் சொன்னான், யார் என்ன குறிப்பு எழுதினான் என்பதெல்லாம் இடப்பக்கம். அது எந்தக் காலத்திலும் வாசல் தாண்டாது. கம்ப்யூட்டருக்கு அந்த இடம் வலம் தெரியுமா? ராமபத்ரனுக்கும் அதில் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். அறை நம்பரைத் தட்டினால் அந்த அறையைப் பற்றி உள்ளே கிடப்பது பூராவும் அச்சாகும். ஆபீசர் பின்னால் நின்ற அவசரத்தில் பதினாலு என்று தட்டினான். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலக் காகிதம் வந்தது. படித்துப் பார்க்காமலே ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் சீலும் வைத்தான்.

குடைக்குக் கீழே கல்யாணராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். எல்லாம் இங்கிலீஷில் பெரிய எழுத்து.

"அறை பதினாலு. ஒதுக்கப்பட்டவர் அங்கம்மாள். நிலை: மறுமணம், ஆலப்புழை லாரி டிரைவர். தகவல் கொடுத்தவர்..." அவர் நிறுத்தினார். "அங்கம்மா, நீ செத்த உட்காரு."

"ராமபத்ரன்னு போட்டிருக்கா?"

"பி. செல்லதுரை. பிச்சையின் சகோதரன். நேரில் வந்து எழுதிக் கொடுத்தது."

அங்கம்மாள் உட்காரவில்லை. பதினோரு வருஷமாகச் சாயாவில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்த கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ராமபத்ரனையா பத்தொன்பது வாரமாகச் சபித்தோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சரி, கதவைச் சாத்தினானே, அதற்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இன்னொரு தாளும் இருக்கு," என்றார் கல்யாணராமன். "இதே அறை காலியானா தனக்கு வேணும்னு ஒரு அப்ளிகேஷன். அதுவும் அவன்தான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர்ல வீடு இருந்தாலும் கொடுக்கப்படாதுன்னு சட்டம். அவன் பெண்டாட்டி பேர்ல இடக்கொச்சியில வீடு உண்டோ?"

"உண்டு. அவ ஆத்தா குடுத்த வீடு. அதுலதான் இவன் சாஞ்சு கிடக்கான்."

"அதான் இப்படி எழுதியிருக்கான். மனைவி ஸ்வர்ணலதா, காலமாகிவிட்டார். சர்ட்டிஃபிகேட் பிறகு தரப்படும்."

அங்கம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கல்யாணராமன் பேனாவை மூடினார். ஆட்சேப மனு எழுதிக் கொடுக்கிறேன், அறைக்கு இனி ஒன்றும் வராது என்றார்.

"ரூமு பிழைச்சிரும் சாமி. குழாயடியில என்னைக் கண்டு குடத்தைத் தள்ளி வச்சாளுகளே, அதுக்கு எந்த மனு?" என்று கேட்டுவிட்டுத் தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆட்சேப மனுவையும் விடவில்லை. எழுதி வாங்கி, கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் இடக்கொச்சிக்குப் பஸ் ஏறினாள். ஸ்வர்ணலதா அங்கே இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்தாள். நல்ல பெண். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், கட்டினவன் சம்பாதிக்காவிட்டாலும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாதவள். அவளுக்கு வலிக்குமே என்று பஸ்ஸில் ஒரு தடவை நினைப்பு வந்தது. வலிக்கட்டும், செத்தவளாக வாழ்வதைவிட அது மேல் என்று அங்கம்மாள் தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள். தினமும் ஒரு மணிக்குச் செல்லதுரை ஷெட் வாசலுக்கு வந்து, பெண்டாட்டி கொண்டுவந்த தூக்குச் சட்டியில் தின்றுவிட்டுப் போவான் என்பதும் அங்கம்மாளுக்குத் தெரியும். பன்னிரண்டே முக்காலுக்குப் போய் நின்றாள்.

நாற்பது பெண்கள் கை கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் சுமட்டுக்காரர் லைனில் சொந்தம் உண்டு.

"என்னக்கா இந்நேரத்துல?" என்று ஸ்வர்ணலதா எழுந்து வந்தாள்.

"இங்கிலீஷ் படிப்பேல்ல? இதைப் படி. சத்தமா படி, எனக்குக் காது மந்தம்."

முதல் தாளை அவள் படித்தாள். லாரி டிரைவர் என்ற இடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், செல்லதுரை என்ற இடத்தில் வாயைப் பொத்தினார்கள். இரண்டாவது தாளில் தன் பேரைப் பார்த்ததும் ஸ்வர்ணலதா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படித்து, மலையாளத்திலும் சொன்னாள். "பார்ய மரிச்சு போயி."

செல்லதுரை சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்தான். மதினியைப் பார்த்தான், பெண்டாட்டி கையில் ஓட்டை போட்ட காகிதத்தைப் பார்த்தான். முகம் சாம்பலாகப் போயிற்று.

ஸ்வர்ணலதா தூக்குச் சட்டியைத் திறந்தாள். சோறு, மீன் குழம்பு, அவனுக்கென்று தனியாகப் பொரித்த துண்டு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஷெட் மதில் மேல் கொட்டினாள். "கா, கா" என்று கூப்பிட்டாள். இறால் தோலுக்குச் சுற்றிக்கொண்டிருந்த காக்கைகள் மொத்தமாக வந்து இறங்கின.

"செத்தவளுக்குச் சோறு வைக்கணும்ல," என்றாள். "நீ வைக்க மாட்டே. அதான் நானே வச்சுக்கிட்டேன். இனிமே என் வீட்டு நடையில உன் செருப்பைப் பாக்கக் கூடாது. பொண்டாட்டி செத்தவனுக்கு மாமியார் வீட்டுல என்ன வேலை?"

நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் அங்கம்மாளின் பின்னாலேயே ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை அது நிஜத் தண்ணீர்.

"மதினி, உங்க காலைப் பிடிக்கிறேன். அவ உங்க பேச்சைக் கேப்பா. அது கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குப் போக வேற இடம் இல்ல மதினி."

தோப்பும்படிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அங்கம்மாள் ஏறிப் படியிலிருந்து திரும்பினாள்.

"பொட்டியில ஏறிருச்சுன்னா ஆண்டவனே வந்தாலும் இறக்க முடியாதுன்னு நீதானேடா சொன்னே? நான் வெறும் அங்கம்மா," என்றாள். "மனசைத் தேத்திக்கிடு."