எதையோ சப்பிய கன்று

மாட்டு டாக்டரின் இடது கை பசுவின் வயிற்றுக்குள் போனால் கன்றின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. ஒரே ஒருமுறைதான் நிறம் தப்பியது. பிறந்த பிறகு வெயிலில் வெளுத்துவிட்டது என்று அவர் விளக்கம் சொன்னார், மாடு மறுக்கவில்லை. வலது தோளை ஒரு காளை உதைத்த நாள் முதல் அந்தக் கை முழங்கைக்கு மேல் உள்ளே போகாது. எல்லாம் இடது கைதான்.

அந்த இடது கையும் ஒருநாள் ஊமையாகிவிட்டது. சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது, சொரசொரப்பும் தெரிந்தது. பொருள் மட்டும் என்னவென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சீப்பைத் தொட்டு முள்ளங்கி என்றார்.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றார் மூளை டாக்டர். "தலைக்குள்ள வலப்பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால, ரத்தம் போகாம ஓர் இடம் கெட்டுப்போச்சு. கை சேதி அனுப்புது. எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கிற ஆள்தான் அங்க இல்ல. பழகப் பழகத் தேறலாம்."

தேறாவிட்டால் தொழிலுக்கு முழுக்குத்தான். வாசலில் தொங்கிய பெயர்ப் பலகையைக் கழற்ற அவர் ஸ்டூல் போட்டு ஏறியபோது பால்பண்ணைக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டாக்டரய்யா, மாடு முக்கிக்கிட்டே இருக்கு, ஒத்தைக் கால்தான் வெளிய தெரியுது! வேற டாக்டர் வந்து சேர பொழுது சாஞ்சிரும்!"

"என் கை இப்ப வெறும் கட்டைம்மா."

"கட்டையோ நெட்டையோ, எறங்குங்க," என்றாள் மனைவி. இத்தனை வருஷம் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கைக்குத் தட்டுப்படுவதை அவர் வர்ணிக்கக் கேட்டவள் அவள்தான்.

கொட்டகையில் சோப்புப் பூசிக் கையை உள்ளே விட்டார். இங்கும் அங்கும் துழாவினார்.

"ஒண்ணும் புரியலடி."

"பேரு சொல்லாதீங்க. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"வழவழன்னு இருக்கு. மெத்துன்னு. நடுவுல ஒரு பிளவு, உள்ள கெட்டியா ஓரம்."

"பிளவுக்குள்ள விரலை விடுங்க."

விட்டவர் துள்ளினார். "ஐயய்யோ, எதையோ சப்புதுடி!"

"எதையோ இல்ல, உங்க விரலை! அது வாய். கன்னு உசுரோட இருக்கு." பால்பண்ணைக்காரி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அழுறதை அப்புறம் வச்சுக்க," என்றாள் மனைவி. "தலைக்குக் கீழ தடவுங்க. என்ன இருக்கு?"

"உருண்டையா, கெட்டியா ஒண்ணு. அதுக்கப்புறம் குச்சி மாதிரி பின்னால போகுது."

"இன்னொரு காலோட முட்டி. மடங்கிக் கிடக்கு. குச்சி எங்க முடியுது?"

கை மெல்ல நகர்ந்தது. நுனியில் கூரான ஏதோ இருந்தது. அவள் கேட்பதற்குள், "குளம்பு!" என்று கத்தினார். கத்தியதில் அவரே திடுக்கிட்டார்.

கர்ப்பப்பையைக் கிழிக்காமலிருக்கக் குளம்பை உள்ளங்கையில் பொத்தி முன்னால் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் கன்று வைக்கோலில் வந்து விழுந்து, உலகத்தைப் பார்த்துத் தும்மியது.

பால்பண்ணைக்காரி கண்ணைத் துடைத்தாள். "பக்கத்துக் கொட்டகையில இன்னொண்ணு நிக்குது. சினையா இல்லையான்னு தெரியல. கையோட பார்த்துடலாமா?"

"கொஞ்சம் நேரம் பிடிக்கும்," என்றாள் மனைவி. "இவரு சொல்லிச் சொல்லித்தான் பார்ப்பாரு."

டாக்டர் அதற்குள் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.