துண்டுக்குள் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் எல்லாத் தெருவுக்கும் வருவதில்லை. டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் அவரே நேரில் வந்து, அலங்காரங்களைப் பார்வையிட்டு, பிடித்திருந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். பிடிக்காத தெருவில் இருபத்துநாலாம் தேதிக்கு அடுத்த நாள் இருபத்தாறு. ஜனங்கள் காலையில் எழுந்து காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். திண்டுக்கல் தோல்கிடங்குத் தெருவில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான் கிழித்தார்கள். தெருவில் ஒருவரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஞானப்பூ மட்டும் பெரிதுபடுத்தினாள். எதையும் சிறிதாக விட்டுப் பழகியவள் இல்லை அவள்.

ஒன்பது வயதில் மணப்பாறை மாட்டுச் சந்தையில் தண்ணீர்க் குடம் தூக்கினாள். இருபது வயதில் அதே சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தாள். அங்கே அவளை ஏமாற்றாதவை மாடுகள் மட்டும்தான். ஏமாந்து ஏமாந்து, ஒருவனுடைய விரலைப் பிடித்தாலே அவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது நாற்பத்திரண்டு வயது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறையில் ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மரப் பொம்மைகள் செய்கிறாள். நடைவண்டி, பம்பரம், தலையாட்டும் குதிரை. டிசம்பர் வந்துவிட்டால் குடில் சாமான்கள்: ஆடு, ஒட்டகம், ராஜாக்கள், வாசலில் தொங்கவிடும் நட்சத்திரங்கள். வெப்பாலை மரம்தான் வாங்குவாள். மரக்கடைக்காரர் பச்சை மரத்தைத் தலையில் கட்டப் பார்த்தால் கட்டையை எடுத்து அவர் காதருகே தட்டுவாள். "உள்ள தண்ணி ஓடுற சத்தம் எனக்கே கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்பாள். அவர் உள்ளே போய் நல்ல மரமாக எடுத்து வருவார்.

இந்த வருஷம் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வந்தே தீரவேண்டும். அவள் கணவன் இருதயராஜ் கப்பலில் சமையல்காரன். மூன்று வருஷமாக முகம் பார்க்கவில்லை. இப்போதுதான் அவனுக்கு லீவு வந்திருந்தது. லீவுக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: சொந்தத் தெருவில், கிறிஸ்துமஸ் அன்று மட்டும். தெருவுக்குக் கிறிஸ்துமஸ் வராவிட்டால் லீவு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருதயராஜுக்கு மறுமுறை பதினோரு வருஷம் கழித்து.

பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கிறிஸ்துமஸ் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை, ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். தோளில் லேசாகப் பனி படிந்திருந்தது. நேரே பட்டறைக்கு வந்து ஒரு ஒட்டகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, சிரிக்குது?"

"அம்புட்டுத் தூரம் நடந்து வந்து சேந்துருச்சுல்ல சார். சிரிக்காம என்ன செய்யும்?"

ஒட்டகத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் முழங்கால் வலி, இந்த வருஷம் ஒரே ஒரு தெருதான், அதுவும் பங்களாத் தெருவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

"அவங்க பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கியிருக்காங்க. தானா எரியுது, தானா அணையுது, தானாப் பாடுது."

"எல்லாம் தானா நடக்குதுன்னா அங்க நீங்க எதுக்கு?"

அவர் பையைத் திறந்து ஒரு நோட்டைப் புரட்டினார். வேண்டுமானால் இந்தத் தெருவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், மத்தியானம் மூன்றிலிருந்து நாலு என்றார்.

ஞானப்பூவுக்குக் கோபம் உள்ளங்காலில் தொடங்கி உச்சிக்கு ஏறியது. "மூணு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போறதுக்கு நீங்க என்ன கரண்டு ரீடிங் எடுக்கிற ஆளா?" என்றாள். பிறகு மூச்சை இழுத்து விட்டாள். கோபப்பட்டு அவள் வாங்கித் தந்த மாடு ஒன்றுகூடப் பால் கறந்ததில்லை. "வாயால பேசினா எனக்குச் சரிப்படாது சார். துண்டு போட்டுப் பேசுவோம்."

கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறினாள். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது துண்டுக்குள்தான். இரண்டு பேரும் வலது கையை உள்ளே விட்டு, விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒரு மணி நேரம், மணிக்கட்டைப் பிடித்தால் ஒரு முழு நாள் என்று ஞானப்பூ முறை சொன்னாள். கிறிஸ்துமஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "நான் பாக்காத பேரமா?" என்று கையை உள்ளே விட்டார்.

துண்டுக்குள் போன கை பேரம் படியாமல் வெளியே வரக்கூடாது. மணப்பாறையில் இது கன்றுக்குட்டிக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பழக்கமில்லாத சந்தையில் கையை விடுகிறவர்தான் விசாரித்துக்கொண்டு விடவேண்டும்.

அவர் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது முடியாதும்மா. சரி, கையை விடு, பஸ் வந்துரும்."

"படிஞ்சுதா?"

"படியல."

"படியாம எப்படி சார் கை வெளிய வரும்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவள் சொன்னது நியாயமாகவே இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தெருவில் முப்பத்தொரு வீடு. பதினெட்டு நட்சத்திரம் பாக்கி இருந்தது, ஆடுகள் பாதிக்கு மேல் பாக்கி. பேரத்துக்காகப் பட்டறையை நிறுத்திவைக்க முடியாது. ஞானப்பூ தன் இடது கையால் உளியைப் பிடித்தாள், கிறிஸ்துமஸ் தன் இடது கையால் கட்டையைப் பிடித்தார். இரண்டும் இடது கை என்பதால் முதல் நாள் செய்த ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. இரண்டாம் நாள் முக்காலியை மறுபுறம் போட்டுக்கொண்டார்கள். அன்றைய ஆடுகள் மற்றப் பக்கம் பார்த்தன. மந்தை சரியாகிவிட்டது.

சோற்றுக் கைகள் இரண்டும் துண்டுக்குள் இருந்ததால், பக்கத்து வீட்டு ஃபிலோமினா மூன்று வேளையும் வந்து இருவருக்கும் ஊட்டிவிட்டாள்.

"அக்கா, இவரு நல்லாச் சாப்பிடுறாரே. வருசத்துக்கு ஒருநா சாப்பிடுற ஆளுன்னு நெனச்சேன்."

"முள்ளு எடுத்துட்டுக் குடும்மா," என்றார் கிறிஸ்துமஸ்.

பேரம் நடந்துகொண்டே இருந்தது. பதின்மூன்றாம் தேதி அவர் இரண்டு விரல் கொடுத்தார். பதினேழாம் தேதி மூன்று. ஞானப்பூ மணிக்கட்டைத் தவிர வேறெதையும் பிடிக்கவில்லை. முழங்கால் வலி என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவருடைய நடுவிரல் சில்லிட்டது. பொய் சொல்கிற விரல் அப்படித்தான் சில்லிடும். உப்புத்தாள் போட்டு ஒரு நட்சத்திரத்தை மழமழவென்று தேய்த்து முடித்து அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, ஐந்து விரலும் கதகதவென்று இருந்தன. அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் படிவார் என்று. எப்போது என்பதுதான் பாக்கி. ராஜாக்களுக்கு அரக்குப் பூசும் வேலையை அவரிடமே விட்டாள். அவளைவிடச் சுத்தமாகப் பூசினார். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. பேரம் நடக்கும்போது யாராவது சரக்கைப் புகழ்வார்களா?

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் பங்களாத் தெருச் சங்கத் தலைவர் டொமினிக் எட்டுப் பேரோடும் ஒரு பொன்னாடையோடும் வந்தார்.

"சார், கெளம்புங்க. வண்டி வெளிய நிக்குது."

"வாங்க தலைவரே," என்றாள் ஞானப்பூ. "பேரம் நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல பூந்தா சந்தையில என்ன செய்வாங்கன்னு தெரியுமில்ல?"

"இது சந்தை இல்லம்மா, பட்டறை."

"துண்டு விழுந்த எடம் சந்தைய்யா! ஒம்பது பேரு வந்திருக்கீங்களே, ஒருத்தருக்குமா மாட்டு வாசனை தெரியாது?"

டொமினிக் கிறிஸ்துமஸின் இடது தோளைத் தொட்டார். கிறிஸ்துமஸ் திரும்பாமலே, "கொஞ்சம் பொறுங்க, ஒட்டகத்துக்குக் கண்ணு காயல," என்றார். அவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். ஒரு கண் காய்ந்ததும் அவர் மறு கண்ணை எழுதத் தொடங்கினார். கொண்டுவந்த பொன்னாடையைத் திருப்பிக்கொண்டு போவது முறையில்லை என்று தலையாட்டும் குதிரைக்குப் போர்த்தி, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். குதிரை தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டது.

மறுநாள் காலை தோல்கிடங்குத் தெருவில் இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. கிறிஸ்துமஸ் இங்கே இருக்கும்போது வேறு எந்தத் தேதி விடியும்? முப்பத்தொரு வாசலிலும் மர நட்சத்திரங்கள் ஆடின. ஜனங்கள் புதுத்துணியோடு வரிசையாக வந்து பட்டறை ஜன்னல் வழியே கிறிஸ்துமஸின் இடது கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பங்களாத் தெருவில் இருபத்தாறு. அங்கே நட்சத்திரங்கள் தானாகப் பாடின, தானாக அணைந்தன. ஜனங்கள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டு ஆபீசுக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸில் இருதயராஜ் வந்தான். இருபத்தாறாக இருந்திருந்தால் அந்த பஸ் அவனை இறக்காமலே பின்னோக்கிப் போயிருக்கும். இறக்கியது. பட்டறை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றான். ஞானப்பூ உளியைப் போட்டுவிட்டு எழுந்தாள், துண்டு அவளை இழுத்து உட்கார வைத்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

"மூணு வருசமா வர்ற வழியாய்யா இது? இளைச்சுப் போயி வந்து நிக்கிற!"

"நீ யாரு கையப் புடிச்சுக்கிட்டு இருக்க?"

"கிறிஸ்துமஸ்."

"அப்படியா. சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லப்பா," என்றார் கிறிஸ்துமஸ். இருதயராஜ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

அன்றும் பேரம் படியவில்லை. அதனால் மறுநாளும் இருபத்தைந்து. காலண்டர் தாளை எவ்வளவு இழுத்தாலும் கிழியவில்லை. அதற்கு மறுநாளும் இருபத்தைந்துதான். தெருக்காரர்கள் முதல் நாள் பிரியாணி செய்தார்கள், இரண்டாம் நாள் பிரியாணி செய்தார்கள், மூன்றாம் நாள் ரசம் வைத்தார்கள். இருதயராஜ் ஒரு கையால் ஊட்டிவிட்டு, ஒரு கையால் விசிறிக்கொண்டு, மூன்று வருஷத்துக் கதைகளை எல்லாம் பட்டறையில் உட்கார்ந்து சொன்னான். கிறிஸ்துமஸ் சில இடங்களில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நாலாவது இருபத்தைந்தாம் தேதி காலையில் கடைசி ஆட்டுக்கு வால் வைத்து முடித்தார்கள். கிறிஸ்துமஸ் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். துண்டுக்குள் அவருடைய விரல்கள் நகர்ந்து, ஞானப்பூவின் மணிக்கட்டை முழுசாகப் பிடித்தன.

"படிஞ்சுதா?"

"படிஞ்சுது. ஒரு முழு நாள்."

ஞானப்பூ துண்டை உதறித் தோளில் போட்டாள். இரண்டு கைகளும் வெளியே வந்தன. கிறிஸ்துமஸ் விரல்களை நீட்டி மடக்கிவிட்டுப் பையை எடுத்தார். "அப்ப நான் வரட்டுமா? ஒண்ணுக்கு நாலு நாளா குடுத்தாச்சு."

"எங்க கெளம்புறீங்க? போனதெல்லாம் பேரம் பேசின நாளு. நீங்க ஒத்துக்கிட்ட நாளு இப்பத்தான் ஆரம்பிக்குது. உக்காருங்க சார்."

அவர் யோசித்தார். இதுவும் நியாயமாகவே இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, பதினெட்டு நாளில் முதல் முறையாக வலது கையால் டீ டம்ளரை வாங்கிக்கொண்டார். ஞானப்பூ தன் வலது கையைக் கொண்டுபோய் இருதயராஜின் தோளில் வைத்தாள். தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

பத்து மணிக்குக் கப்பல் வந்தது. தெருமுனையில் சுவரை உரசாமல் மெதுவாகத் திரும்பி, மர நட்சத்திரங்களுக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஃபிலோமினா வீட்டு வாசலில் நின்றது. கேப்டன் ஏணி வழியாக இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, சமையலுக்கு ஆள் இல்லாம நாலு நாளா..."

"அவருக்கு லீவு இன்னும் முடியல."

"முடியட்டும்மா. காத்திருக்கோம். அதுவரைக்கும் எங்களுக்கும் இங்கயே..."

"எத்தனை பேரு?"

"இருபத்தெட்டு."

ஞானப்பூ கப்பலை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "உலை வைக்கச் சொல்றேன். நங்கூரத்த ஃபிலோமினா வீட்டுக் கெணத்துல எறக்கிக்கங்க. மொதல்ல கப்பல ரெண்டு வீடு பின்னால எடுங்க, தண்ணி லாரி வர்ற நேரம்."

கேப்டன் திரும்பி மேலே பார்த்துக் கையைக் காட்டினார். கப்பல் இரண்டு வீடு பின்னால் போய் நின்றது.