கூட்டமாக வாங்க வேண்டிய மீன்

மீன் தொட்டி வாங்கலாம் என்று முதலில் சொன்னது இவள்தான். சொன்ன காரணம், ஹாலில் அந்த மூலை வெறிச்சென்று இருக்கிறது என்பது. சொல்லாத காரணம், பெரியவள்.

பெரியவள் கணவரின் மகள். சின்னவன் இவள் மகன். கணவருக்கும் இவளுக்கும் இது இரண்டாவது திருமணம். சின்னவன் வந்த இரண்டாவது வாரமே அவரை "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பதின்மூன்று வயதுப் பெரியவளோ இவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். இவள் நிமிர்ந்து பார்த்த பிறகு கேட்பாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த மரியாதைதான் இவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது.

அம்மா இறந்த பிறகு பெரியவள் வளர்ந்தது பெரியம்மா வீட்டில், பெரியம்மாவின் மூன்று பெண்களோடு. அவள் அப்பா லிப்ட் மெக்கானிக். எப்போது எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியாத வேலை. கல்யாணத்துக்குப் பிறகுதான் மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டார். அவளும் மறுக்காமல் வந்தாள். ஆனால் போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"பரீட்சை முடிஞ்சதும் நான் பெரியம்மா வீட்டுக்கே போயிடறேன்ப்பா. அங்க இருந்தே படிச்சுக்கறேன்."

"பார்க்கலாம்டா" என்றார் அவர். லிப்டுக்குள் சிக்கியவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசும் அதே குரல்.

இவளால் பார்க்கலாம் என்று விட்டுவிட முடியவில்லை. ஒரு வீடு கண்ணெதிரே கலைந்ததைப் பார்த்தவள். இந்த வீடாவது நாலு பேர் வீடாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு செங்கல்லாக வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் கிளம்பிவிட்டால் அதில் பாதிச் சுவர் போய்விடும்.

தொட்டி வந்தது. தண்ணீர் நிரப்பி, செடி நட்டு, பில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே சில வாரம் வைக்க வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் தண்ணீர் பழகுமாம். வந்தவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். "கூச்ச சுபாவம், உள்ள இருக்கு" என்று அவர் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

மீன் வாங்கப் போன அன்று நாலு பேரும் சேர்ந்தே போனார்கள்.

"சண்டை போடாத மீனா வேணும்" என்றாள் இவள் கடைக்காரம்மாவிடம். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும்."

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்கறீங்களே" என்று சிரித்தாள் கடைக்காரம்மா. "ஒண்ணு வாய்க்குள்ள இன்னொண்ணு நுழையற சைஸ்ல வாங்காதீங்க. அது முதல் விஷயம். அப்புறம், ரொம்ப வேகமா ஓடறதையும் ரொம்ப மெதுவா போறதையும் சேர்க்காதீங்க. சிலதைக் கூட்டமாத்தான் வாங்கணும்."

கடைசி வாக்கியம் வியாபாரத் தந்திரமாக இவளுக்குப் பட்டது. கூட்டமாக வாங்கினால் யாருக்கு லாபம்? தவிர, இந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆளுக்கு ஒன்று. துண்டு, தலையணை, டம்ளர், எதுவானாலும் ஆளுக்கு ஒன்று, அவரவர் தேர்ந்தெடுத்தது. யாருக்கும் ஓரவஞ்சனை என்று தோன்றிவிடக் கூடாது. இவள் வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது. "இந்த லென்ஸ் தெளிவா இருக்கா, அந்த லென்ஸான்னு கேட்டுக் கேட்டு, வீட்டையும் அப்படியே நடத்தறே" என்று அவர் கேலி செய்வார்.

அவர் ஒரு சிவப்பு பிளாட்டியைக் காட்டினார். சின்னவன், தரையை மீசையால் துழாவிக்கொண்டிருந்த கோரி மீனைக் கேட்டான். "பாவம்மா, எதையோ தொலைச்சுட்டுத் தேடுது." இவளுக்கு ஒரு வெள்ளி ஏஞ்சல் பிடித்தது. புடவைத் தலைப்பைப் போல நீளத் துடுப்புகளை இழுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் வந்தது. பெரியவள் ஒரு தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். உள்ளே மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன்கள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டிருந்தன.

"இதுல ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணா?" என்றாள் கடைக்காரம்மா.

"ஆளுக்கு ஒண்ணுதான்" என்று முடித்துவிட்டாள் இவள்.

முதல் சில நாள் வீடே தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு காலையில் ஏஞ்சலின் துடுப்பு ஓரம் கிழிந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பார்ப் செய்கிற வேலை. அது பகலெல்லாம் தொட்டியைச் சுற்றி வரும். ஏஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். யாரும் அதைத் துரத்துவதில்லை. அதனால் மறுபடி வரும். ஏஞ்சல் செடிக்குப் பின்னால் ஒதுங்கி, சாப்பிட வருவதையே நிறுத்தியது.

அதே நாட்களில் பெரியவளும் சின்னவனை ஏதாவது சொல்லிக் குத்திக்கொண்டே இருந்தாள். அவன் பல் எடுப்பு, அவன் கிறுக்கல் கையெழுத்து. அவன் திருப்பிச் சண்டைக்கு வரமாட்டான். கண் கலங்கி அம்மாவிடம் வந்து ஒட்டிக்கொள்வான். "அக்கா விளையாட்டுக்குச் சொல்றாடா" என்பாள் இவள். சொல்லிவிட்டு, இரண்டு பேரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்ப்பாள்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் தொட்டியைப் பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பட்டை போட்டது ஒண்ணு வந்ததுதான் எல்லாத்துக்கும் நிம்மதி போச்சு. கொண்டு போய்க் கடையிலயே விட்டுடலாம்."

சோபாவில் பெரியவள் இருப்பதை இவள் கவனிக்கவில்லை.

"விட்டுடலாம்" என்றாள் பெரியவள். குரல் உயரவே இல்லை. "அப்படியே என்னையும் போற வழியில பெரியம்மா வீட்ல விட்டுடுங்க. பரீட்சை வரைக்கும் எதுக்கு?"

"நான் மீனைச் சொன்னேம்மா."

"நானும் மீனைத்தான் சொல்றேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பதறாதீங்க" என்றார் பொதுவாக. இரண்டு பேருமே பதறவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மீனைத் தானே கொண்டுவந்து விடுவதாகப் பெரியவள் பிடிவாதமாகச் சொன்னாள். மூடி போட்ட சின்ன வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். பக்கத்து இருக்கையில் இவள்.

கடைக்காரம்மா எதுவும் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, மீனை அதன் பழைய கூட்டத்தில் விட்டாள். அது ஒரு நொடி அப்படியே நின்றது. ஒரு பெரிய பார்ப் வந்து விலாவில் இடித்தது. நம் வீட்டு மீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்ந்து விரட்டியது. வேறொன்று இதை விரட்டியது. அப்படியே எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. அடியில் மேய்ந்துகொண்டிருந்த மந்தமான மீன்களை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவற்றுக்கு நேரமே இல்லை.

"நம்மளோடது எதுன்னே தெரியலையே" என்றாள் இவள்.

"அதோ. நடுப் பட்டை கீழ வரைக்கும் வராம பாதியில நிக்குது பாருங்க." பெரியவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "பாத்ரூமுக்கு இப்படித்தான் அடிச்சுப்போம். பெரியக்கா உள்ள போனா வரவே மாட்டா. நடு அக்கா தாழ்ப்பாளை ஆட்டுவா. கடைக்குட்டி இருக்காளே, அவ கடிப்பா. நிஜமாவே கடிப்பா. பல் தடம் இருக்கு." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

இவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் இப்போதுதான் பார்க்கிறாள். வாராவாரம் பெரியம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணை மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைக்கச் சொன்னது இவள். போய்ப் போய் வந்தால் இங்கே எப்படி வேர் பிடிக்கும் என்று நினைத்தாள். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தோடுதான் ஒரு மீனை மட்டும் வாங்கினாள்.

"உங்க அக்காங்களையும் கடைக்குட்டியையும் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லலாமா?" என்றாள். "லீவு நாள்ல வந்து தங்கட்டும்."

"எதுக்கு?"

"சண்டை போட."

பெரியவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள். "இந்த மீனைப் பார்த்துட்டுச் சொல்றீங்களா?"

"ஆமா. பார்க்காமலே தோணியிருக்கணும். தோணல." காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அங்க போறதைக் குறைக்கச் சொன்னதும் நான்தான்."

"தெரியும். அப்பாவுக்கு அதெல்லாம் தானா தோணாது."

கடைக்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப மீனை விடறீங்களா, வாங்கறீங்களா?"

"வாங்கறோம்" என்றாள் இவள். "கூட்டமா. அதுல எங்களோடது கட்டாயம் இருக்கணும்."

"ஓடற கூட்டத்துல ஒண்ணைப் பிடிக்கறது சும்மாவா?" என்று முனகிக்கொண்டே வலையை எடுத்தாள். "ஒரேயடியா வேண்டாம், தண்ணி தாங்காது. பாதி இப்ப, பாதி அடுத்த தடவை. ஆனா நீளத் துடுப்பு வச்சிருக்கற மீன் இதுங்களோட வேண்டாம். கூட்டமா இருந்தாலும் நம்ப முடியாது."

"ஏஞ்சலை இன்னிக்கே கொண்டு வந்துடறேன்."

"அது உங்க மீன்" என்றாள் பெரியவள்.

"ஆமா" என்றாள் இவள். அது அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை.

பெரியம்மாவுக்குப் போன் செய்தது அதைவிடக் கஷ்டம். "அக்கா" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்கு வெகுநேரம் ஆனது. பெண்களை லீவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "பொண்ணுங்க வீட்டைத் தலைகீழா ஆக்கிடுவாளுங்கம்மா, உனக்குச் சம்மதம்னா சரி" என்றார் அந்த அம்மா.

ஆக்கினார்கள். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் முதல் நாளே கழன்றது. சின்னவனை நடுவராக உட்காரவைத்தார்கள். அவன் கடைக்குட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, மற்ற மூன்று பேரும் அவனைத் தலையணையால் அடித்தார்கள். அவன் அழவில்லை, எதிர்த்து அடித்தான். அவர் ஒரு லிப்ட் பழுதென்று கிளம்பினார். உண்மையிலேயே பழுதா என்று யாரும் கேட்கவில்லை. பெரியவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். இந்த வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே இவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் பெரியம்மா வண்டியோடு வந்தார். பெண்கள் மூவரும் பின்னால் ஏறி, யார் ஜன்னல் ஓரம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஓர் இடம் இருந்தது.

"நீயும் வரியாடி?" என்றார் பெரியம்மா. "நாலு துணி எடுத்துக்கோ. பிடிச்சா இருந்துடலாம்."

இவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போகாதே என்று சொல்லலாம். சொல்லக்கூடிய இடத்தில்தான் நின்றாள். கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவள் வண்டியைப் பார்த்தாள். கடைக்குட்டி அவளுக்காக நகர்ந்து இடம் விட்டாள்.

"அடுத்த வாரம் வரேன் பெரியம்மா" என்றாள். "நாளைக்குத் தொட்டித் தண்ணி மாத்தணும். டியூபை உறிஞ்சி விடணும். இவங்களுக்கு அது வராது, வாய்க்குள்ள போயிடும்."

"யாருக்குடி?"

"இவங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்து, இவளை ஓரடி முன்னால் நிறுத்தினாள்.