கழற்றுவதா, மூடுவதா

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெயின்டர் வந்துவிடுவார். அதற்குள் விமானத்தில் எதைக் கழற்றுவது, எதைக் காகிதம் ஒட்டி மூடுவது என்று முடிவாக வேண்டும். அண்ணனும் நானும் ஆறு வருடம் கார் ஷெட்டில் கட்டியது. எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

"கதவு?" என்றேன், பேனாவோடு.

"கழட்டு, திருகாணி." அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"முன்கண்ணாடி?"

"மூடு. தொட்டா கீறல் விழும்."

"அப்படியே உங்க அண்ணன் வாயையும் மூடிடு," என்றாள் அண்ணி, டீயை வைத்தபடி. "தூக்கத்துலகூட மஞ்சள் மஞ்சள்னு ஒரே உளறல்."

"மடல்?"

"இருக்கிற இடத்துலயே அடிச்சுக்கட்டும்."

நான் எழுதவில்லை. இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் நீளத் தகடுதான் மடல். அதன் பின்பக்கம் கனத்தால், வேகத்தில் படபடத்து இறக்கையையே பிய்த்துவிடும். அதனால் முன்னோரத்தில் ஈயக் கட்டி வைத்து அண்ணன் அதைச் சமன் செய்திருந்தார். பெயின்ட் ஏறினால் கழற்றி மறுபடி சமன் செய்ய வேண்டும். ஒரு வாரம் போய்விடும். பெயின்டருக்கே ஆறு நாள். அண்ணனிடம் இருந்தது பதினோரு நாள். அதோடு அவர் விமானம் ஓட்டுவதற்கான மருத்துவச் சான்று முடிகிறது. அந்த இதயத்துக்கு இனி கையெழுத்துக் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கொஞ்சூண்டு பெயின்ட் என்ன பண்ணிடப் போகுது?" என்றார் அண்ணன்.

மடலைப் பிடித்திருந்த கம்பியை விடுவித்தேன். அது கீலில் மட்டமாக நின்றது. பெயின்டர் மஞ்சள் அடித்துக் கொடுத்த மாதிரித் தகட்டையும் அதே அளவு வெறும் தகட்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து, மடலில் ஏறப்போகும் பெயின்டின் கணக்குக்கு நூறு கிராம் அரிசியைப் பையில் கட்டிப் பின்னோரத்தில் ஒட்டினேன். மடல் தொபுக்கென்று தொங்கியது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ நான் பறக்க மாட்டேனா?" குழந்தைபோலக் கேட்டார்.

"பெயின்டே அடிக்காம பறந்தா என்ன?" என்றாள் அண்ணி.

"இறக்கையெல்லாம் துணி, அண்ணி. அடிக்கலேன்னா வெயில்ல இத்துப் போயிடும்."

"இதுவும் துணியா?" மடலை நகத்தால் தட்டினாள். டங்கென்றது.

அலுமினியம். ஆரம்பத்தில் வரைந்த படத்தில் எல்லாமே மஞ்சள்; ஆறு வருடமும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருமினார்.

"எழுதுடி! மடல் கழட்டு, பெயின்ட் வேணாம்!"

"நான் ஒருத்தி இல்லேன்னா ரெண்டு பேரும் அம்போதான்," என்றாள் அண்ணி.

ஒன்பதாம் நாள் மஞ்சள் விமானம் வெள்ளி மடல்களோடு ஓடுதளத்துக்குப் போனது. "பெயின்டர் பாதியில கோவிச்சுக்கிட்டாரா?" என்று கேட்காத ஆளில்லை.

அண்ணன் போய் நான்கு வருடமாகிறது. முகத்தை நினைத்தால் எனக்கு அன்றைய முகம்தான் வருகிறது. ஒரு சுற்றுப் பறந்து தரையிறங்கியவர் இன்ஜினை நிறுத்தவில்லை. எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், இன்னொரு ரவுண்டு என்று. பதில்கூட எதிர்பார்க்காமல் திருப்பிக்கொண்டு போனார்.